வெரி ஃபைன்

"இங்கிலீஷ் தெரிஞ்சவன் நீ, படிச்சுச் சொல்லு மச்சான். 'வெரி ஃபைன்'னுதானே போட்டிருக்கு?"

பூட்டுக்கடைக்காரர் நாலாக மடித்த காகிதத்தை மேசைமேல் வைத்து, முத்திரையின் மேல்பாதி மட்டும் தெரியும்படி விரலால் அழுத்திக்கொண்டார்.

மனைவியின் தம்பி குனிந்து பார்த்தார். கடைத்தெருவில் அவருக்கு 'டிக்ஷனரி' என்றே பெயர். இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணத்தில், "அத்தான் ஊருக்கே சாவி போடுவார். ஆனா அவர் பொண்ணு வாயில இங்கிலீஷ் மட்டும் திறக்காது!" என்று சபையையே சிரிக்க வைத்தவர். அந்தச் சிரிப்பை அதே வாயாலேயே அடக்கிக் காட்ட வேண்டும் என்று அன்றிலிருந்து அத்தானுக்கு ஒரே வெறி.

"வெரி ஃபைனா!" டிக்ஷனரி தொடையைத் தட்டினார். சாவி வெட்ட வந்திருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள். "அத்தான், இது 'வெரிஃபைடு'. சரிபார்த்தாச்சுன்னு அர்த்தம்."

"அப்ப பாராட்டு இல்லையா?"

"பாராட்டா? அசலா போலியான்னு சந்தேகப்பட்டுப் பார்த்திருக்காங்க!"

"ப்பூ! வெறும் ரப்பர் முத்திரைதானே? யார் வேணா குத்தலாம்."

சரக்கை மட்டம் தட்டினால்தான் மதிப்பு தெரிந்தவன் வாய் திறப்பான். டிக்ஷனரி திறந்தார்.

"யார் வேணாவா? காலேஜுக்கே எழுதிக் கேட்டு, எழுத்தெழுத்தா பார்த்து, அப்புறம்தான் அந்த ஆபீசர் முத்திரை குத்துவாங்க. என் பையன் வெளிநாட்டு வேலைக்கு டிகிரி சர்டிபிகேட்ல இந்த முத்திரை கேட்டு ஒரு மாசமா நடையா நடக்கிறான். ஒரே ஒரு எழுத்துப் பிழைக்கு மூணு தடவை கவுன்டர்லேயே திருப்பிட்டாங்க!"

"அவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளா?"

"என்னையே தூக்கிச் சாப்பிடுவாங்க."

"சாட்சி ரெண்டு பேர் இருக்காங்க. பேச்சு மாற மாட்டியே?"

டிக்ஷனரி சுவரில் தொங்கிய 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது' பலகையைக் காட்டினார். "நான் சொன்ன சொல்லும் அப்படித்தான்."

பூட்டுக்கடைக்காரர் விரலை எடுத்தார். "அப்ப அந்த ஆபீசர் பேரையும் நீயே படிச்சிடு."

முத்திரையின் கீழ்வரியில் அக்காள் மகளின் பெயர் இருந்தது.

டிக்ஷனரி இன்னும் குனிந்து மறுபடி படித்தார். "இவளா... ஆபீசரா?"

"கல்யாணத்துல நீ பேசினப்பவே அவளோட வேலை ஆர்டர் என் சட்டைப் பையிலதான் இருந்தது."

"அதெப்படி அத்தான்? தன் காகிதத்தைத் தானே சரிபார்ப்பாளா?"

"அவ காகிதம்னு நான் எப்பச் சொன்னேன்?" அவர் மடிப்பைப் பிரித்து நீட்டினார். "முத்திரையில இவ பேரைப் பார்த்துட்டு உன் பையன் காலையில நேரா இங்க வந்து, உங்கிட்ட குடுக்கச் சொல்லிட்டுப் போனான். மாமா மகன்னும் பார்க்காம மூணு தடவை திருப்பி அனுப்பியிருக்கா. இப்பச் சொல்லு மச்சான், வெரி ஃபைன்தானே?"