நாற்பத்தாறு டிகிரி

ஷென்ஜென் அலுவலகத்தில் வென்லிங்கின் மேசைக்கு அந்தப் பதக்கம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. தனியாக வசிப்பவர்கள் கீழே விழுந்தால் உதவிக்கு அழுத்துகிற பதக்கம் அது. இரண்டு முறை சார்ஜர் சிப்பை மாற்றியாயிற்று. இங்கே முழுதாகச் சார்ஜ் ஏறுகிறது. அந்த வீட்டில் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

“ஒரே ஒரு கஸ்டமர். வேற புதுசு அனுப்பிட்டு ஆளை விடும்மா,” என்றார் உடன் வேலை செய்யும் பெங்.

“சார்ஜ் இல்லாதப்ப அவங்க விழுந்துட்டா? என் டிசைன்லதான் தப்பு இருக்கும், அண்ணே.”

பதக்கத்தில் பதிவாகியிருந்த வெப்பநிலையைப் பார்த்தாள். நாற்பத்தாறு டிகிரி! நாற்பத்தைந்தைத் தாண்டினால் சிப் சார்ஜை நிறுத்திவிடும். அந்த வீடு இருக்கும் ஹுனானின் ஜனவரிக் குளிரில் அவ்வளவு சூடு எப்படி?

உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டாள்.

“சார்ஜ் போடறப்ப அதை எங்க வைக்கிறீங்க?”

“வெந்நீர்ப் பை மேலதான். குளிர் பேட்டரிக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே?”

“அப்ப உங்களுக்கு?”

“வீட்ல ஒரு பைதானே இருக்கு. நான் ரெண்டு போர்வையா போத்திக்கறேன். என் பொண்ணு செஞ்சது கெட்டுப் போகக் கூடாதுல்ல?”

வென்லிங் பதக்கத்தைத் திருப்பி அனுப்பும் பெட்டியில் வைத்தாள்.

“சிப் நல்லாத்தான் இருக்கு. இனிமே பையை நீங்களே வெச்சுக்கோங்க, அம்மா.”