மூடிக்கு வைத்த பொட்டு

நீலமேகத்தின் புதுக் காரில் என்ஜினை மறைத்தபடி கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும். "என்ஜின் எவ்வளவு அழகு பாத்தீங்களா!" என்று அவர் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டும்போதெல்லாம் மூடிக்குத் தலைகால் புரியாது.

ஆயுத பூஜையன்று அவர் சந்தனம் குழைத்து, குங்குமத்தோடு என்ஜினுக்குப் பொட்டு வைத்தார். அதுவும் மூடியின் நெற்றியில்தான் விழுந்தது. முதன்முதலாக மூடிக்குக் கூச்சமாகிவிட்டது.

"அண்ணே, ஓடுறது நீங்க. பொட்டை எனக்கு வெச்சிட்டாரே," என்றது.

"எண்ணெயும் கரியுமா கிடக்கிற என் மூஞ்சிக்குப் பொட்டு ஒண்ணுதான் கொறச்சல். உனக்குத்தான்டா எடுப்பா இருக்கு," என்றது கீழிருந்த என்ஜின்.

கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. போகப்போக, சூட்டில் சந்தனம் காய்ந்தது. மூடி வேண்டுமென்றே உடம்பைக் குலுக்கியது. உதிர்ந்த பொட்டு ஓரத்து இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது.

"மேல என்னமோ விழுதேடா?"

"தூசிண்ணே."

என்ஜின் இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது.

"தூசி இவ்வளவு வாசமாவா இருக்கும்?"

மூடி இன்னொரு முறை குலுங்கியது.