அம்மனுக்கு மாத்திரை

"அம்மனையே மாத்திரை குடுத்து வெரட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனாடா?"

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று கத்தினார் கோயில் கமிட்டித் தலைவர் கணபதி. அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

ஜீவன் வெளியே வந்தான். "உள்ள வாங்க தலைவரே. உக்காந்து பேசுவோம்."

"உன் வீட்டுல உக்கார வரல. நாலு வெள்ளிக்கிழமையா அம்மன் வரல. அடுத்த வாரம் திருவிழா. சனம் யாருகிட்டக் குறி கேக்கும்?"

அம்மன் வந்துகொண்டிருந்தது ஜீவனின் மனைவி நிரஞ்சலா மேல்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு மூளைக்காய்ச்சல். பதினெட்டு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, விரதமிருந்து பூசைக்குப் போனவள் தொப்பென்று விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது.

முதலில் கற்பூரம் ஏற்றியவர் கணபதிதான்.

அதிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி அவள் விழுந்து முனகியதற்கெல்லாம் அவரே அர்த்தமும் சொன்னார். ஒருத்தி மகளுக்குக் கல்யாணம் கூடும் என்றார். இன்னொருத்தி மகனுக்குக் கொழும்பில் வேலை என்றார். நாக்கைக் கடித்து ரத்தம் வந்தபோது, அம்மன் சேவல் கேட்கிறாள் என்றார்.

போன மாதம் அம்மன் அடுப்படியில் வந்தாள். நிரஞ்சலாவின் வலது கை நெருப்புக்குள் கிடந்து வெந்தது. ஜீவன் அவளைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு ஓடினான்.

"அந்தக் காய்ச்சல் மூளையில தழும்ப விட்டுட்டுப் போயிருக்கு. அதாலதான் இந்த வலிப்பு. மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது" என்றார் டாக்டர்.

கணபதி இப்போது தீர்ப்புச் சொன்னார். "திருவிழா முடியிற வரைக்கும் மாத்திரைய நிப்பாட்டு. இல்லாட்டி ரெண்டு பேரும் கோயில் பக்கமே வரவேணாம்."

ஜீவன் வாயைத் திறக்குமுன், கையில் கட்டோடு நிரஞ்சலா வெளியே வந்தாள்.

"நான் அம்மனப் பாத்ததே இல்ல தலைவரே. கண்ண முழிச்சா ஒடம்பெல்லாம் வலிக்கும். சீலை நனைஞ்சிருக்கும். அத மாத்தக்கூட விடாம எல்லாரும் என் கால்ல விழுந்துகிட்டு இருப்பீங்க. நான் வெக்கத்துல அழுவேன். அம்மன் அழுறான்னு சொல்லுவீங்க."

வாராவாரம் குறி கேட்கிற பெரியாயிதான் முதலில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கணபதி மட்டும் போகவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கு என்னைக்கு புள்ள?"

"புதன்கிழமை. மொத பஸ்ஸுல போனாத்தான் நம்பர் கிடைக்கும். யாருக்குத் தலைவரே?"

"எம் மகளுக்கு. ஏழு மாசமா அவளும் இப்படித்தான் விழுறா. வெட்டி வெட்டி இழுக்குது. வெளியில சொல்லிறாத."

"அப்ப அவ மேலயும் அம்மன்தானே வந்திருக்கு?" என்றான் ஜீவன். "திருவிழாவுக்கு அவளையே கூட்டிட்டு வாங்களேன்."

கணபதிக்குச் சுருக்கென்றது.

"விளையாடாதடா. எம் மகளுக்கு வர்றது வலிப்பு."