சும்மா பார்க்கத்தான்

அந்த அம்மா செய்த குற்றங்களை மேனேஜர் வாரம் பிசகாமல் மனசில் அடுக்கி வைத்திருந்தார்.

முதல் வாரம்: கடைக்கு வெளியே நின்று, துடைத்து வைத்த கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

இரண்டாம் வாரம்: உள்ளே வந்தார். ஏழு ஜோடி செருப்பு போட்டுப் பார்த்தார். வாங்கவில்லை.

மூன்றாம் வாரம்: பதினோரு ஜோடி. வாங்கவில்லை. போகும்போது குடிக்கத் தண்ணீர் வேறு கேட்டார்.

நான்காம் வாரம்: பதினாறு ஜோடி. போதாததற்கு, "முதல்ல போட்ட சிவப்பை இன்னொரு தரம் மாட்டு கண்ணு" என்றார். வாங்கவில்லை.

ஐந்தாம் வாரம் இதோ, குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றது.

"சார், சும்மாம்மா வந்துட்டாங்க," என்றார் காவலாளி, சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு.

நகரத்திலேயே பகட்டான தெரு அது. மாலையானால் பாதி ஊர் அங்கே காலாற நடந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கண்ணாலேயே வாங்கிக்கொண்டு வீடு திரும்பும். மேனேஜருக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. ஆனால், அவர்களுக்கெல்லாம் வெளியே நின்று பார்க்கிற இங்கிதம் இருந்தது. இந்த அம்மாவுக்கு இல்லை. எந்தக் கடையில் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். 'சும்மாம்மா' என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர்.

"வாங்கம்மா. இன்னிக்காவது வாங்கற உத்தேசம் உண்டா?"

"சும்மா பார்க்கத்தான் தம்பி."

சொல்லிவிட்டு நேராகச் சுருட்டைமுடிப் பெண்ணிடம் போய்விட்டார். அவள்தான் வழக்கமாக மாட்டிவிடுகிறவள்.

"கண்ணு, வார் நிறைய வச்சது இருந்தா எடு. அவசரமே இல்ல."

அவள் குட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ரப்பர் செருப்பைக் கழற்றிய காலில், இறக்குமதிச் செருப்பு ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது.

பதினெட்டாவது ஜோடியில் மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தாம்மா, உன்கிட்ட இவங்க முன்னாலயே சொல்லிடறேன். மூணு செவ்வாய்க்கிழமையா இந்த நேரத்துல நீ ஒண்ணுகூட விக்கல. முதலாளி மாடியில கேமராவுல பார்த்துக்கிட்டேதான் இருக்கார். இன்னிக்கும் இவங்க வெறுங்கையோட போனா, நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

வாரைக் கோத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அவளை ஏன் தம்பி திட்டறீங்க? என் கால்தான் சரியில்ல."

"பதினெட்டு ஜோடிக்குமா?"

"ஒரு காலுக்குப் பிடிச்சா இன்னொரு கால் கோவிச்சுக்குது. நான் என்ன பண்ண?"

காசாளர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் மேனேஜர் கவனித்தார். அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், மடியில் வைத்திருந்த காகிதத்தில் பென்சிலால் குறிப்பதுமாக இருந்தார்.

"ஓஹோ! எதிர்க்கடைக்கு உளவா? அதானே பார்த்தேன்!"

காகிதம் அவர் கைக்கு மாறிவிட்டது. சுருட்டைமுடிப் பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"வேண்டாம் தம்பி, அதைப் படிக்காதீங்க."

"ஏன் படிக்கக் கூடாது? காவலாளி, உள்ள வாங்க. காசாளரே, நீங்களும் வாங்க. நாலு பேர் சாட்சியா கேட்கட்டும்."

நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"திங்கள். கடிகாரக் கடை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட தம்பி. முழங்கால் வலி. கடிகாரத்துக்கு வார் அளவு பார்க்கும்போது மட்டும் அவன் உட்காரலாம். இருபது நிமிஷம்."

காவலாளியும் காசாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜரின் குரல் ஒரு படி இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"செவ்வாய். காலணிக் கடை. சுருட்டைமுடிப் பொண்ணு. நாள் பூரா நின்னு கணுக்கால் வீங்கியிருக்கு. வந்தவங்க காலுல செருப்பு மாட்டும்போது மட்டும் இங்க உட்காரலாம். மத்த நேரம் உட்கார்ந்தா மாடியிலேருந்து போன் வரும். நாற்பது நிமிஷமாவது இழுக்கணும்."

காசாளர் குனிந்து அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பார்த்தார்.

"முப்பத்தொரு வருஷம் துணிக்கடையில நின்னவ நான்," என்றார் அந்த அம்மா, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு. "இப்போ சும்மாதானே இருக்கேன்."

மேனேஜர் கூரையிலிருந்து முறைக்கும் கேமராவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"ஏன் எழுந்து நிக்கறே? உட்காரு. நாளைக்கும் நேரத்துக்கு வந்துடு. இப்போ இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு, மெதுவா மாட்டு."

காகிதத்தை அவர் மடிக்கப் போனார். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி விடவில்லை.

"கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு சார். சாட்சிக்குன்னு கூப்பிட்டுட்டு பாதியில நிறுத்தினா எப்படி?"

வேறு வழியில்லாமல் மேனேஜர் வாசித்தார்.

"காலை மாத்தி மாத்தி ஊன்றாரு, வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு. அடுத்த செவ்வாய் எனக்குச் செருப்பு மாட்டிவிட வேண்டியவர்: மேனேஜர் தம்பி."