இடம் பிடிக்காத கார்டு

பெனடிக்ட் தன் பழைய கம்ப்யூட்டருக்காகக் கடைகடையாக அலைந்து, அதன் பழைய ஸ்லாட்டுக்குப் பொருந்தும் ஒரு கிராபிக்ஸ் கார்டை வாங்கி வந்தான்.

“வாங்க தம்பி, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்” என்று மதர்போர்டு தன் ஸ்லாட்டில் இடம் கொடுத்தது.

கார்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “இவ்வளவு மந்தமா? இந்தக் கிழத்தோட கிடந்தா என் திறமை என்னாகிறது?” என்று நாளெல்லாம் பொருமியது. அந்தக் கொதிப்பில் திரை அடிக்கடி உறைந்து நின்றது.

“என்னால முடிஞ்சதைத் தர்றேன் தம்பி, கொஞ்சம் பொறுங்க” என்றது மதர்போர்டு.

பெனடிக்ட் பொறுக்கவில்லை. புது மதர்போர்டு வாங்கினான். பழையதிலிருந்து கழற்றும்போதே கார்டு துள்ளியது.

“அண்ணே, நான் எங்க உட்காரணும்?”

புது போர்டு அதை ஏற இறங்கப் பார்த்தது. “உங்க காலத்து ஸ்லாட்டு எங்கிட்ட இல்லீங்களே.”

கார்டு பதறித் திரும்பியது. பழைய மதர்போர்டு அதற்குள் காயலான் கடைக்காரரின் சாக்குக்குள் போயிருந்தது.