கூப்பிட்ட குரல்

தீயணைப்பு வண்டி குன்னூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டுக் கூரையில் தீ பிடித்துவிட்டது.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார் தீயணைப்பு அதிகாரி பொன்னுத்துரை.

"காத்தாயி இருக்காளுங்க! போன மாசந்தான் சிலோன்ல இருந்து வந்தவ. புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டிருந்தா," என்று பதறினாள் பக்கத்து வீட்டு ஆயம்மாள்.

வீரர்கள் கோடாலிகளோடு குதித்து ஓடினார்கள்.

"காத்தாயி! காத்தாயி!"

பதில் இல்லை. வீரர்களில் ஒருவனான இசக்கிமுத்து கதவைப் பிளந்துகொண்டு உள்ளே போனான். புகைக்குள்ளிருந்து அவன் குரல் மறுபடியும் அவள் பேரைக் கூப்பிட்டது. அடுத்த நொடி கூரை இடிந்து விழுந்தது.

தீயை அணைத்து, அவன் உடலை வெளியே தூக்கிவந்து கிடத்தினார்கள்.

அப்போதுதான் லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து காத்தாயி எழுந்து வந்தாள். குழந்தையின் வாயை அவள் கை இன்னும் பொத்தியிருந்தது.

"உன்னைத் தேடித்தானே அவன் உள்ள போனான்! கூப்பிட்டது கேக்கலையா?" என்று கத்தினார் பொன்னுத்துரை.

"கேட்டுச்சுங்கய்யா." அவள் கண்கள் கோடாலிகளை விட்டு நகரவில்லை. "சிலோன்ல கலவரத்தப்பவும் இப்படித்தான் கோடாலியோட வந்து, எம் புருசனப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவரு பதில் சொன்னாருங்கய்யா."