கயிறு வளைந்த பக்கம்

வேலி போடும் மேஸ்திரி வருவதற்குள், எல்லை முளைகள் இரண்டையும் பிடுங்கி, செத்துப்போன அண்ணன் வீட்டுப் பக்கமாக இரண்டடி தள்ளி அடித்துவிட்டான் அவன். மேஸ்திரி வந்து கயிறு கட்டும்போது அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"எல்லை சரியா இருக்கான்னு பாத்துக்கங்க அண்ணி" என்று ஒப்புக்குச் சொன்னான்.

"நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும் தம்பி. உங்க அண்ணன் இருந்தா வந்து பாத்திருக்கவே மாட்டாரு."

கூனிக் குறுகிப் போனான். அவள் உள்ளே போனதும், "அளவு தப்பிடுச்சு மேஸ்திரி" என்று முனகிக்கொண்டே முளைகளைப் பழைய குழிகளிலேயே அடித்தான்.

மேஸ்திரி மறுபடியும் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினார். நடுவில் அது மெல்ல வளைந்தது. அண்ணன் பக்கமாக, இவனுக்கு இடம் விட்டு. ஓர் இலைகூட அசையவில்லை. அவிழ்த்துக் கட்டியும் வளைந்தது. மேஸ்திரி டேப்பை வைத்துப் பார்த்தார்.

"சொல்லி வெச்ச மாதிரி ரெண்டடி சார்."

சின்ன வயதில் தின்ன எது கிடைத்தாலும் அண்ணன் இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை ஒற்றை விரலால் இவன் பக்கம் தள்ளிவிடுவான்.

கயிறு நிமிரவே இல்லை. அதன் நடுவில், ஒரு விரல்நுனி அளவுக்கு, அழுந்தியிருந்தது.